கருத்துரு ஓவிய நூல்களுக்குச் செலவிடுவது தகுமா?

நெடுவழியன்:
மாய உலக வீடியோ கேம்களின் கருத்துரு ஓவியங்களை, அதாவது விளையாட்டை உருவாக்கும்போது மாந்தரையும் இடங்களையும் வரைந்து பார்த்த படங்களை, தொகுத்த நூல்களைப் பல ஆண்டுகளாக வாங்கிச் சேர்த்த நான், இனி வாங்குவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். விளையாட்டு வெளியான சில வாரங்களில், அதற்கு வரைந்த ஓவியர்கள் பலர் நிறுவனத்தின் இசைவோடு தம் படங்களை ஆர்ட்ஸ்டேஷன் போன்ற தளங்களில் ஏற்றிவிடுகிறார்கள். அவற்றைத் திரை நிறையப் பெரிதாக்கித் தூரிகையின் ஒவ்வோர் இழுப்பையும் பார்க்க முடிகிறது. அதே படத்தை உள்ளங்கை அளவுக்குச் சுருக்கி, ஒரு பக்கத்தில் ஆறாக அடுக்கிய நூலுக்கு 3,000 ரூபாயோ 4,000 ரூபாயோ கொடுப்பதைச் சேகரிப்பு என்பதா, அலமாரிக்குச் செய்யும் அலங்காரம் என்பதா? மாற்றுக் கருத்துள்ளவர்கள் சொல்லுங்கள்.

மைக்கூடு:
நீங்கள் சொல்வது முடிந்த படங்களுக்குப் பொருந்தும். ஆனால் கருத்துரு ஓவியம் முடிந்த படமன்று; ஓர் உருவம் எப்படியெல்லாம் இருக்கலாம் என்று குழுவுக்குள் நடந்த வாதத்தின் தடம் அது. ஓவியர் தம் பக்கத்தில் ஏற்றுபவை பெரும்பாலும் அடுத்த வேலையைத் தேடித் தரக்கூடிய சிறந்த படங்கள். ஏற்கப்படாமல் ஒதுக்கப்பட்டவை அங்கே அரிதாகவே வருகின்றன.

2011இல் வெளியான டார்க் சோல்ஸ் விளையாட்டின் ஓவிய நூலான டிசைன் ஒர்க்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இயக்குநர் ஹிடெடகா மியாசாகியும் ஓவியர்களும் பேசிக்கொள்ளும் உரையாடல் ஒன்று உண்டு. இறந்தும் இறவாத டிராகன் ஒன்றைப் புழுக்கள் மொய்க்க வரைந்து கொடுத்த ஓவியரிடம், அருவருப்பை நம்பாமல், மாண்புமிக்க ஓர் உயிர் முடிவின்றிச் சிதைந்துகொண்டே போகும் துயரத்தைக் காட்ட முடியாதா என்று மியாசாகி கேட்டுத் திருப்பியனுப்பியதாக அதில் வருகிறது. இதைப் படித்த பிறகு அந்த டிராகனை வெட்ட எனக்குக் கை எழவில்லை. (கடைசியில் வெட்டினேன் என்பது வேறு கதை.)

நெடுவழியன்:
அந்த உரையாடலை ரசிகர்கள் மொழிபெயர்த்து எப்போதோ இணையத்தில் வைத்துவிட்டார்கள்; நான் முதலில் படித்ததும் அங்கேதான். ஒதுக்கப்பட்ட வரைவுகள் நூலில் மட்டும்தான் கிடைக்கும் என்பதையும் ஏற்க முடியவில்லை. 2017இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டில், செல்டா வரிசையில் வந்த பிரெத் ஆஃப் தி வைல்டு விளையாட்டுக்காக யோசித்துக் கைவிட்ட படங்களை அதை உருவாக்கிய நின்டெண்டோ குழுவினரே மேடையில் காட்டினார்கள். விண்கலங்கள் படையெடுத்து வரும் செல்டா உலகத்தையும், மோட்டார் சைக்கிளில் செல்லும் அதன் நாயகன் லிங்கையும் உலகமே காசில்லாமல் பார்த்தது. 2011இல் ஜப்பானில் வந்த செல்டா நூலான ஹைரூல் ஹிஸ்டோரியாவையும் இங்கே நினைவூட்ட வேண்டும்: என் நண்பர்கள் அதை வாங்கியது ஓவியத்துக்காக அன்று, அந்த வரிசையின் ஒக்கரினா ஆஃப் டைம் ஆட்டத்துக்குப் பின் கதை மூன்றாகக் கிளைக்கும் காலவரிசைக்காக. அந்த வரைபடத்தைப் பார்க்க ஒரு நூலே தேவையில்லை.

அச்சுப்பிழை:
ஆஃப்செட் அச்சகத்தில் வேலை செய்பவன் என்ற முறையில் குறுக்கிடுகிறேன். நூலா திரையா என்று இருவரும் வாதிடுகிறீர்கள். மூலப்படம் எதில் பிறந்தது என்பதை இருவருமே கேட்கவில்லை. 1987இல் முதல் ஃபைனல் ஃபேன்டசிக்கு யோஷிதகா அமானோ வரைந்தவை தாளில் மையும் நீர்வண்ணமும் ஊறிய படங்கள். விளையாட்டிலோ அந்த மாந்தர்கள் 16 பிக்சல் அகலமுள்ள பொம்மைகளாகச் சுருங்கிப்போனார்கள். ஆகவே அமானோவைப் பொறுத்தவரை, நல்ல தாளில் அச்சான நூல் விளையாட்டைவிடவும் திரையைவிடவும் மூலத்துக்கு நெருக்கமானது. முதல் பத்து ஆட்டங்களுக்கான அவருடைய ஓவியங்களை மூன்று கெட்டி அட்டைத் தொகுதிகளாக 2013இல் டார்க் ஹார்ஸ் பதிப்பகம் வெளியிட்டது. அதை வாங்கியவர் ஏமாறவில்லை என்பேன்.

கணினியிலேயே வரைந்த படங்களின் நிலை நேர் எதிரானது. எல்டன் ரிங் விளையாட்டில் வரும் பொன்மரம் திரையில் ஒளிர்கிறது என்றால், அங்கே உண்மையில் ஒளி வருகிறது. தாளில் ஒளி இல்லை. சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளைக் கொண்டு அந்தப் பொன்னிறத்தை எட்டவே முடியாது, பளிச்சென்ற நீலமும் பச்சையும் அதைவிட மோசமாக மங்கும். இரண்டு பக்கங்களில் விரியும் நிலக்காட்சியின் நடுப்பகுதியை நூலின் பைண்டிங் விழுங்கிவிடுவது தனிக் கொடுமை. செக்‌ஷன் தையல் போட்ட, அதாவது மடித்த தாள்களைக் கட்டுகட்டாகத் தைத்த நூலாவது ஓரளவு விரிந்து கொடுக்கும். பசை வைத்த பெர்ஃபெக்ட் பைண்டிங் என்றால், கோட்டை வாசலில் நிற்கும் வீரன் பாதி உடலோடுதான் நிற்பான்.

மைக்கூடு:
நிறம் குறித்துச் சொன்னதை மறுக்கவில்லை; பொன்மரத்தைப் பார்க்க நானும் விளையாட்டுக்குள்தான் போகிறேன். ஆனால் எல்டன் ரிங் ஓவிய நூலின் இரண்டு தடித்த தொகுதிகளை நான் நிறத்துக்காகப் புரட்டுவதில்லை. ஒரே குழுவின் வேலையைப் பக்கம் பக்கமாக அடுத்தடுத்துப் பார்க்கும்போது, ஒரு வீரனின் தோளில் கண்ட மடிப்பு வேறொரு குலத்தின் கேடயத்தில் திரும்பி வருவது கண்ணில் படுகிறது. தேடுபொறி நாம் கேட்ட படத்தை மட்டும் கொடுக்கிறது; கேட்கத் தோன்றாததை அடுத்த பக்கம் கொடுக்கிறது. ஓவியர் தம் பக்கத்தை மூடிவிட்டால் இணையத் தொகுப்பு என்ன ஆகும் என்பதையும் நண்பர் யோசிக்க வேண்டும்.

நெடுவழியன்:
பக்கம் மூடப்படும் முன் சேமித்துக்கொள்ள ஒரு வன்தட்டு போதும். நம் ஊர் ஈரப்பதத்தில் வெள்ளிப்பூச்சி அரிக்காத தாள் எது என்று நானும் திருப்பிக் கேட்கலாம். இருந்தாலும் மூலம் பிறந்த இடத்தைப் பற்றி அச்சுப்பிழை சொன்னது என் கணக்கை மாற்றுகிறது. அமானோ தொகுதிகளை வைத்துக்கொள்கிறேன். கணினி ஓவிய நூல்களை விற்கப் போகிறேன். டார்க் சோல்ஸ் நூலும் அதில் அடக்கம்.

மைக்கூடு:
உரையாடல் பக்கங்களில் அடிக்கோடு இடாமல் வைத்திருந்தால் விலையைச் சொல்லுங்கள். என்னுடைய பிரதியில் தையல் விட்டுப்போய்விட்டது.