கடைவீதியில் கூத்து நடத்த யோசனை சொல்லுங்கள்

வணக்கம். சேலம் பழைய பேருந்து நிலையம், சின்னக் கடைவீதிப் பக்கம் ஞாயிறு மாலையில் தெருக்கூத்தும், கூடவே சுவர் ஓவியமும் கொண்டுவரலாம் என்று நாங்கள் நான்கு பேர் கிளம்பியிருக்கிறோம். சென்னை சங்கமம் கலைவிழா 2007-லேயே பூங்காக்களில் நாட்டுப்புறக் கலைகளை ஆட வைத்தது. நம் டவுனில் கூத்து பார்க்க ஆடிப் பண்டிகை வரைக்கும் காத்திருக்க வேண்டுமா என்ன?

போன வாரம் ஊர்ப்பக்கம் ஒரு கூத்துக்குப் போனேன். அரிதாரம் கலையாமல் டீயை உறிஞ்சியபடி தோளில் அணியும் புஜக்கட்டையை இறுக்கிக்கொண்டிருந்தார் கர்ணன் வேஷக்காரர். விஷயத்தைச் சொன்னதும், "டவுன்ல விடிய விடிய ஆட விடுவாங்களா சார்?" என்றார். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பதால் இரண்டு மணி நேரக் கூத்துதான் சரிப்படும். அதற்கு அவர் அரை மனதாகத்தான் தலையாட்டினார்.

இப்போது சிக்கல் அனுமதி. ஓர் அலுவலகம் இன்னொன்றைக் கை காட்டுகிறது. முதலில் போலீஸா, மாநகராட்சியா? மனு எழுதிய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். ஓவியத்துக்குச் சுவர் தரக்கூடிய கடைக்காரர்கள் யாராவது தெரியுமா? அப்புறம், துண்டு விரித்து வசூலிப்பதில் எனக்கு இஷ்டமில்லை. கலைஞர்களுக்குச் சம்பளம் முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். அதற்கும் வழி சொல்லுங்கள்.