லோரி, மோட்டார் இல்லாத பாதையிலேயே பத்து நாள்: பிரான்ஸ் கிராமப்புறத்தில் எந்த வழி?

தண்ணீர்மலை:

வணக்கம். நானும் மனைவியும் ஜூன் மாதம் பிரான்சில் பத்து நாள் சைக்கிளில் சுற்றப் போகிறோம். பினாங்கு பாலிக் புலாவ் வயல் பாதைகளில் வாரம் ஒருமுறை 40 கி.மீ. ஓட்டுகிற பழக்கம்தான். ஒரு நாளைக்கு 45, 50 கி.மீ. போதும். மேடு அதிகம் கூடாது. லோரி உரசிக்கொண்டு போனால் மனைவிக்குக் கை நடுங்கும், அதனால் வண்டி வராத பாதை என்பதுதான் முதல் நிபந்தனை.

லுவார் ஆற்றங்கரை, மிதி (Midi) கால்வாய் என்று இரண்டு பெயர் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. எது நல்லது? எங்களிடம் 16 அங்குல மடக்கு சைக்கிள் இரண்டு இருக்கிறது. அதைக் கொண்டுபோவதா, அங்கே வாடகைக்கு எடுப்பதா? மனைவி சைவம், முட்டையும் பாலும் சேர்த்துக்கொள்வார். கிராமங்களில் சாப்பாடு கிடைக்குமா?

செந்தூல் சக்கரம்:

தம்பி, முதலில் இரண்டு சொல்லைப் பிரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். 'வுவா வேர்த்' என்றால் மோட்டார் வண்டிக்கு அனுமதியே இல்லாத பாதை. பழைய ரயில் தடத்திலோ கால்வாய்க் கரையிலோ போட்டிருப்பார்கள். 'வேலோரூட்' என்றால் சைக்கிளுக்குப் பலகை நட்ட வழி, அவ்வளவுதான். அதில் பாதி தூரம் கார் ஓடும் சிறு சாலையாக இருந்தாலும் அந்தப் பெயர்தான். வரைபடத்தில் இரண்டும் ஒரே பச்சைக் கோடாக வரும்போதுதான் ஆட்கள் ஏமாறுகிறார்கள்.

லுவார் வழி சுமார் 900 கி.மீ., அழகானது. ஆனால் நீண்ட தூரத்துக்குக் காரோடு சாலையைப் பங்கு போட வேண்டும். கார் குறைவுதான் என்றாலும் உங்கள் நிபந்தனைக்குச் சரிவராது.

மிதி கால்வாய் துலூஸிலிருந்து மத்தியதரைக் கடல் பக்கம் 240 கி.மீ. போகிறது. 1666இல் ரிக்கே என்பவர் தொடங்கிய வேலை, 1681இல் முடிந்தது. துலூஸ் பக்கம் முதல் 50 கி.மீ. அளவுக்குத் தார். அதற்கு அப்பால் மண் பாதை, அதன் குறுக்கே கரையோரம் நிழலுக்கு நட்ட பிளேன் மரங்களின் வேர்கள் மணிக்கட்டுக் கனத்தில் வரிவரியாகக் கிடக்கும். 16 அங்குலச் சக்கரத்துக்கு அது ஆகாது. ஒவ்வொரு வேரிலும் முன்சக்கரம் முட்டி நிற்கப் பார்க்கும், சுமையும் ஏற்றியிருந்தால் ஸ்போக் உடையும். மழை பெய்தால் களிமண் மட்கார்டுக்குள் அடைத்துக்கொள்ளும். நிழலையும் நம்பிப் போகாதீர்கள். 2006இல் கண்ட பூஞ்சை நோயால் மரங்களை ஆயிரக்கணக்கில் வெட்டியாயிற்று, புதிதாக நட்டவை இன்னும் இளசு.

உங்களுக்கு ஏற்றது அதே துலூஸிலிருந்து எதிர்ப்பக்கம் போகும் கரோன் கால்வாய். 193 கி.மீ., கிட்டத்தட்ட முழுக்கத் தார் போட்ட கரைப்பாதை. ஏற்றம் என்றால், படகை ஏற்றி இறக்கும் மதகுக்கு மதகு இரண்டு மூன்று மீட்டர். என் யோசனை, போர்தோவில் தொடங்கித் துலூஸில் முடியுங்கள். போர்தோவிலிருந்து சோவ்தேர் ட குயென் ஊர் வரை 'ரோஜே லபேபி' பாதை இருக்கிறது. பழைய ரயில் தடம், 50 கி.மீ.க்குக் கொஞ்சம் மேல். அங்கிருந்து கிராமச் சாலை வழியே ஃபோந்தே ஊருக்குப் போய்க் கால்வாயைப் பிடித்தால், அப்புறம் துலூஸ் வரை சுமார் 180 கி.மீ. தட்டையான பாதை. ஆழானிலிருந்து முவாசாக் 43 கி.மீ., மோந்தேஷிலிருந்து துலூஸ் 43 கி.மீ. என்று உங்கள் கணக்குக்குத் தகுந்த இடைவெளியில் ஊர்கள் வரும். ஆழானில் கால்வாயே 500 மீட்டருக்கு மேல் நீளமான கல் பாலத்தில் ஏறி ஆற்றைக் கடக்கிறது, நீங்களும் தண்ணீர் ஓரமாகவே கடப்பீர்கள். அந்த இடத்தில் அவசரப்படாதீர்கள்.

இன்னொன்று. பாதை சாலையைச் சந்திக்கும் இடமெல்லாம் மோட்டார் நுழையாமல் இருக்க இரும்புத் தடுப்பு வைத்திருப்பார்கள். இரண்டு பக்கமும் பெரிய பை தொங்கினால் சிக்கும், ஓட்டிக்கொண்டே நுழைந்தால் பையின் கொக்கி பிடுங்கிக்கொள்ளும். இறங்கித் தள்ளுங்கள்.

பட்டர்வொர்த் படகுத்துறை:

செந்தூல் அண்ணன் சொன்ன வழி சரி. மடக்கு சைக்கிள் விஷயத்தில் மட்டும் நான் இன்னும் தைரியமாகச் சொல்வேன், கொண்டுபோங்கள். கரோன் பாதையில் தார் நன்றாக இருக்கிறது, அங்கங்கே வேர் தாரைத் தூக்கிவிட்டிருக்கும், அவ்வளவுதான். காற்றை உச்ச அளவுக்கு அடிக்காமல் கொஞ்சம் குறைத்து வையுங்கள், குலுக்கல் குறையும். பெரிய லாபம் ரயிலில். டி.ஜி.வி. வேக ரயிலில் சாதாரண சைக்கிள் ஏற்ற, இடம் உள்ள வண்டியைத் தேடி முன்பதிவு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் கழற்றி 130க்கு 90 செ.மீ. பைக்குள் அடக்க வேண்டும். மடக்கு சைக்கிள் வெறும் பெட்டி மாதிரி கூட வந்துவிடும். பாரிஸிலிருந்து போர்தோ இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். திரும்பும்போது துலூஸிலிருந்து பாரிஸ் நாலு மணிக்கு மேல் ஆகும், விமானத்துக்கு முந்தின நாளே பாரிஸ் வந்துவிடுங்கள்.

ஆனால் உதிரி எல்லாவற்றையும் இங்கிருந்தே வாங்கிப் போங்கள். 16 அங்குலம் என்பதில் 305 மி.மீ., 349 மி.மீ. என்று இரண்டு அளவு உண்டு, ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. டயர் ஓரத்தில் அச்சடித்த எண்ணைப் பார்த்து வாங்குங்கள். 349 என்றால் கிராமக் கடையில் தேடவே வேண்டாம். ஆளுக்கு இரண்டு டியூப், இருவருக்கும் சேர்த்து மடிக்கிற டயர் ஒன்று, பின்சக்கர ஸ்போக் நாலு, பிரேக் கேபிள் ஒன்று, பிரேக் கட்டை ஒரு ஜோடி. கைப்பம்பு போதும். காற்றுச் சிலிண்டர் வேண்டாம், விமானத்தில் தொல்லை.

மின்சார சைக்கிள் யோசனை இருந்தால் அங்கேதான் எடுக்க வேண்டும், 160 வாட் ஹவருக்கு மேற்பட்ட பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் ஏற்றமாட்டார்கள். எந்த வாடகை சைக்கிளானாலும் இடது கைப் பிரேக் முன்சக்கரத்துக்கு என்பதை ஏறும் முன்பே அமுக்கிப் பாருங்கள். நம் வண்டி வலது கை முன்பிரேக்காக இருந்து, பழக்கத்தில் இடது கையை இறுக்கினால் தலைகுப்புறத்தான்.

அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும். அதைவிட முக்கியம், பலகையோ கோடோ இல்லாத சந்தியில் வலப்பக்கச் சந்திலிருந்து வருகிறவருக்கே முதலுரிமை. சின்னச் சந்துதானே என்று நேராகப் போய்விடாதீர்கள், அவர் நிற்காமல் வருவார், சட்டமும் அவர் பக்கம். மணியும் முன்பின் விளக்கும் கட்டாயம். ஊருக்கு வெளியே இருட்டிலோ மங்கலிலோ ஓட்டினால் பளிச்சிடும் சட்டை போட்டாக வேண்டும். ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும், என்றாலும் ரோஜே லபேபி பாதையில் ஒரு சுரங்கம் உண்டு, விளக்கைப் பைக்குள் புதைத்து வைக்காதீர்கள்.

ஜாலான் ஈப்போ அக்கா:

சாப்பாட்டுக்கு நான் சொல்கிறேன். கிடைக்கும், நேரத்துக்குப் போனால் மட்டும். நம் ஊர் மாதிரி எந்த நேரமும் மாமாக் கடை திறந்திருக்காது. உணவகத்தில் மதியம் 12 முதல் 1.30 வரை, இரவு 7க்கு மேல். சின்ன ஊர்க் கடைகள் 12லிருந்து 2 மணி வரை சாத்திவிடுவார்கள். ஞாயிறு மதியத்துக்கு மேல் பூட்டு, திங்கட்கிழமையும் பல கடை திறக்காது. அதனால் சனிக்கிழமை மாலையே இரண்டு நாளைக்கு வாங்கிப் பையில் வையுங்கள். ரொட்டி, சீஸ், அவித்த முட்டை, தக்காளி. மார்மாந்து தக்காளிக்குப் பேர்போன ஊர், ஆழான் உலர்ந்த பிளம்ஸுக்கு, முவாசாக் திராட்சைக்கு. எல்லாம் உங்கள் வழியில்தான், ஆனால் திராட்சை ஜூனில் காய்தான்.

அந்தப் பகுதி வாத்து நாடு, இதை உங்கள் மனைவி கவனிக்க வேண்டும். உருளைக்கிழங்கைக்கூட வாத்துக் கொழுப்பில் வறுப்பார்கள். ஆட்டுப்பால் சீஸ் சாலட் என்று எழுதியிருப்பார்கள், மேலே பன்றித் துண்டோ வாத்து ஈரலோ தூவி வரும். 'சைவம்' என்ற ஒரு சொல்லோடு நிறுத்தாமல் 'சான் வியாந்த், சான் புவாசோன், சான் லார்தோன்' என்று மூன்றையும் சொல்லுங்கள்: இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல், பன்றித் துண்டு இல்லாமல். கிழங்குக்கு எண்ணெயா கொழுப்பா என்று தனியாகக் கேளுங்கள்.

பருப்புப்பொடி, ஊறுகாய் கொண்டுபோகலாம். நெய், பால்கோவா, இறைச்சி செருண்டிங் (உலர வறுத்த இறைச்சித் துருவல்) வேண்டாம், வெளிநாட்டுப் பயணி பால் பொருளும் இறைச்சியும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவரத் தடை. சமைக்க அடுப்பு கொண்டுபோனால் கேஸ் குப்பியை அங்கே வாங்க வேண்டும். கிராம சூப்பர்மார்க்கெட்டில் அதிகம் இருப்பது சொருகிப் பூட்டும் வகை, திருகு வகை அடுப்பில் அது பொருந்தாது. போர்தோவிலேயே பெரிய விளையாட்டுப் பொருள் கடையில் திருகு வகை வாங்கிவிடுங்கள்.

தண்ணீருக்குக் கல்லறைத் தோட்டத்தைப் பாருங்கள். பூச்செடிக்கு ஊற்ற வாசல் பக்கம் குழாய் இருக்கும், சைக்கிள்காரர்கள் எல்லோரும் அங்கேதான் நிரப்புவார்கள். குழாய்மேல் 'நோன் போத்தாப்ள்' என்று எழுதியிருந்தால் மட்டும் குடிக்காதீர்கள்.

தங்க 'அக்கேய் வேலோ' பலகை உள்ள இடமாகத் தேடுங்கள். பாதையிலிருந்து 5 கி.மீ.க்குள் இருக்கும், சைக்கிளைப் பூட்டிவைக்க இடமும் பழுதுபார்க்கக் கருவியும் வைத்திருக்க வேண்டும் என்பது அந்த முத்திரையின் விதி.

தண்ணீர்மலை:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஒரே ஒரு சந்தேகம். சோவ்தேரிலிருந்து ஃபோந்தே வரை கிராமச் சாலை என்றீர்களே, அதில் கார் வருமே? மனைவி கேட்கிறார்.

செந்தூல் சக்கரம்:

வரும். சைக்கிள் பலகையை விடாமல் போனால் எப்போதாவது ஒரு டிராக்டர், ஒரு கார். மேடு பள்ளமும் கொஞ்சம் உண்டு. கைப்பேசி வரைபடம் குறுக்கு வழி என்று டி670இல் திருப்பிவிடும், அதில் ஏறவே ஏறாதீர்கள், லா ரெயோல் போகிற முக்கியச் சாலை அது, வேகமும் அதிகம். 'டி' என்று எழுதியிருந்தாலே சின்னச் சாலை என்று நினைப்பது தப்பு. மிஷலின் வரைபடத்தில் வெள்ளையாகப் போட்டவைதான் அமைதியானவை. மஞ்சளும் சிவப்பும் வேண்டாம்.

தங்கச்சிக்கு அதுவும் பயம் என்றால் வேறு வழி இருக்கிறது. முதல் நாள் ரோஜே லபேபியில் சுமையில்லாமல் வழியிலுள்ள கிரேயோன் ஊர் வரை போய்த் திரும்புங்கள், போக வர 50 கி.மீ. வரும். மறுநாள் போர்தோவில் உள்ளூர் ரயில் ஏறி மார்மாந்தில் இறங்குங்கள், மடக்கு சைக்கிளுக்குத் தனிக் கட்டணம் இல்லை. கால்வாய் ஊரிலிருந்து சில கி.மீ. தெற்கே, அந்தச் சின்னத் துண்டு மட்டும்தான் சாலை. ஆழானுக்கு அப்பால் துலூஸ் வரை ரயில் தடமும் பெரும்பாலும் கால்வாய்க்குப் பக்கத்திலேயே வரும். ஆழான், முவாசாக் இரண்டிலும் நிலையம் உண்டு. மழை விடாமல் பிடித்தாலோ முட்டி வலித்தாலோ, மடக்கி எடுத்துக்கொண்டு ஏறிவிடலாம்.