ஸ்நாப் (அமெரிக்க அரசின் உணவு உதவி) குறைந்துபோன வீடுகளுக்குப் பள்ளி வழியாக உணவு: யாராவது செய்திருக்கிறீர்களா?

மழைக்குருவி:
அமெரிக்காவில் ஒரு உயர்நிலைப் பள்ளியின் பி.டி.ஏ.வில் (பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில்) இருக்கிறேன். 2025 நவம்பரில் நிதி ஒப்புதல் இல்லாமல் வந்த அரசு முடக்கத்தால் ஸ்நாப் பணம் தடைபட்டபோது அவசர அவசரமாக டப்பா உணவு சேர்த்துக் கொடுத்தோம். முடக்கம் முடிந்ததும் தேவையும் தீர்ந்துவிடும் என்று நினைத்தோம், தீரவில்லை. 2025 ஜூலையில் வந்த சட்டத்தால், ஸ்நாப் தொடர கடைசிப் பிள்ளைக்கு 14 வயதாகிவிட்ட பெற்றோரும் மாதம் 80 மணி நேர வேலைக் கணக்குக் காட்ட வேண்டும் என்கிறார்கள். அகதிகளாக வந்த சிலருக்குத் தகுதியே போய்விட்டது. யாருக்கு உதவி தேவை என்ற பட்டியலைப் பள்ளியில் கேட்டேன், தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பட்டியல் இல்லாமல் எப்படித் தொடங்குவது?

தெற்குவாசல்:
பட்டியல் தரமாட்டார்கள், தரவும் கூடாது. கடிதத்தை எல்லா வீட்டுக்கும் அனுப்புங்கள். அதில் உங்கள் உணவைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் இரண்டு விஷயம் எழுதுங்கள். ஒன்று, 80 மணி நேர விதியால் நிற்பது அந்தப் பெரியவருடைய பங்கு மட்டும்தான், பிள்ளையின் பங்கு தொடரும். இது தெரியாமல் கடிதம் வந்ததும் 'எல்லாம் போச்சு' என்று புதுப்பிக்கவே போகாமல் விட்டவர்களை எனக்குத் தெரியும். இரண்டு, ஸ்நாப் மூலம் கிடைத்த இலவச மதிய உணவு, ஸ்நாப் பாதியில் நின்றாலும் அந்தக் கல்வியாண்டு முடியும் வரை இருக்கும். அடுத்த ஆண்டு மட்டும் வருமானப் படிவம் நிரப்ப வேண்டியிருக்கலாம், வறுமைக்கோட்டில் 130 சதவீதம் வரை இலவசம், 185 வரை சலுகை விலை. பள்ளி முழுவதற்குமே இலவசம் என்றால் அதுவும் தேவையில்லை.

பழையசைக்கிள்:
நாங்கள் செய்த தப்பைச் சொல்கிறேன். அலுவலக வாசலில் மேஜை போட்டு 20 பை அடுக்கி, 'தேவைப்படுபவர்கள் எடுத்துக்கொள்ளலாம்' என்று அழகாக எழுதியும் வைத்தோம். வெள்ளிக்கிழமை மாலை எண்ணிப் பார்த்தால் 17 பை அப்படியே இருக்கிறது. 16 வயதுப் பையன், கூடப் படிப்பவர்கள் பார்க்க அதை எடுப்பானா? அப்புறம் உடற்பயிற்சி அறைக்குப் பக்கத்தில் காலியாக இருந்த லாக்கர்களில் வைத்து, பூட்டு எண்ணை ஆலோசகரிடமும் நர்ஸிடமும் கொடுத்தோம். கேட்பவர்களுக்குச் சொல்வார்கள், பெயர் எழுதுவதில்லை. பையையும் மாற்றினோம், நாங்களே அச்சடித்த பச்சைப் பையை விட்டுவிட்டு சாதாரண முதுகுப்பை. டப்பா வாங்கினால் இழுத்துத் திறக்கிற மூடி உள்ளதாகப் பாருங்கள். ஒரு பெண், டப்பா திறப்பான் இல்லை என்று மூன்று வாரம் கழித்துத்தான் சொன்னாள், அதுவும் சிரித்துக்கொண்டே.

மழைக்குருவி:
17 பையா! நாங்களும் மேஜைதான் போடுவதாக இருந்தோம். உணவு சாப்பிட்டு யாருக்காவது ஏதாவது ஆனால் எங்கள் மேல் வழக்கு வருமா?

தெற்குவாசல்:
நல்ல எண்ணத்தோடு லாப நோக்கில்லாத அமைப்புக்கு உணவு கொடுப்பவர்களைக் காக்க 1996-லேயே கூட்டாட்சிச் சட்டம் இருக்கிறது, பெரிய அலட்சியம் இருந்தால்தான் சிக்கல். அதைவிட, உங்கள் வட்டார உணவு வங்கியோடு சேர்ந்துவிடுங்கள். வீடு வீடாக டப்பா சேர்ப்பதற்குப் பணமாகச் சேர்த்து அவர்களிடம் கொடுத்தால் நாம் கடையில் வாங்குவதைவிட நிறைய வரும், பழைய தேதி போட்ட டப்பாவைப் பொறுக்கி எறிகிற வேலையும் மிச்சம்.

அக்கரைப்பச்சை:
ஒன்று விட்டுவிட்டீர்கள். குடியேறி வந்த வீடுகளில் பயம்தான் முதல் தடை. உணவு வாங்கினால் கிரீன் கார்டுக்குப் பாதகம் என்று என் பக்கத்து வீட்டு அக்கா கடைசி வரை லாக்கர் பக்கமே போகவில்லை. தொண்டு அமைப்பு கொடுக்கும் உணவு பப்ளிக் சார்ஜ் (அரசு உதவியை நம்பி வாழ்பவரா என்று குடியேற்றத் துறை பார்ப்பது) கணக்கில் வராது என்று அவரவர் மொழியில் போடுங்கள். அதற்குக் கீழே 211 என்ற உதவித் தொலைபேசி எண்ணையும் போடுங்கள், பள்ளி விடுமுறையில் எங்கே உணவு கிடைக்கும் என்று அங்கே கேட்கலாம்.

மழைக்குருவி:
சரி, மேஜை வேண்டாம். நாளைக்கே லாக்கர் கேட்கிறேன். கடிதத்தை ஸ்பானிஷில் பார்த்துத் தர யாராவது இருந்தால் தனிச் செய்தி போடுங்களேன்.