புதுப்பிப்பு: பாங்காக் 3 நாள் திட்டத்தில் அரண்மனை நாளுக்கு ஒரு திருத்தம்

முதல் பதிவில் கிராண்ட் பேலஸுக்கு ஸ்கைட்ரெயினில் (மேம்பால ரயில்) சபான் தக்சின் நிலையம் போய், அங்கிருந்து படகு பிடிக்கச் சொல்லியிருந்தேன். நேரம் குறைவென்றால் சுரங்க ரயிலில் சனாம் சாய் நிலையமே மேல். ஸ்கைட்ரெயினின் பயண அட்டையான ராபிட் கார்டு அதில் செல்லாது. காண்டாக்ட்லெஸ் விசா, மாஸ்டர்கார்டை கேட்டில் தட்டலாம். இல்லாவிட்டால் கருப்பு பிளாஸ்டிக் டோக்கன். நுழையும்போது தொட்டுக்காட்டி, வெளியேறும்போது துளையில் போடணும். அதுவரை பத்திரம்.

அரண்மனை காலை 8.30-க்குத் திறக்கும், நுழைவு 500 பாட். அரைக்கால் சட்டையோ கையில்லாச் சட்டையோ போட்டுப் போனால் விடமாட்டார்கள். வழியில் யாராவது "இன்னைக்கு மூடியிருக்கு" என்று டுக்டுக்கைக் காட்டினால் அது நகைக்கடைக்குத்தான் போகும். பேசாமல் நா பிரா லான் சாலைப் பக்க வாசலுக்கு நடங்கள். வாட் போ கோயிலைப் பிறகு பார்க்கலாம். 46 மீட்டர் சயன புத்தர் மாலைவரை அங்கேயேதான் இருப்பார்.