பந்தல் மூடியதும் சென்சார் சிக்னல் விழுகிறது, யாராவது வழி சொல்லுங்கள்

வணக்கம். ஹோமாகமவில் மாமாவின் தோட்டத்தில் மண் ஈரப்பதம் பார்க்கும் சென்சார்கள் போட்டிருக்கிறோம். எல்லாம் 2.4 கிகாஹேர்ட்ஸ் சிக்பீ (குறைந்த மின்சாரத்தில் கிட்டத் தூரத்துக்குத் தரவு அனுப்பும் வயர்லெஸ் முறை). விதை போட்ட நேரம் கடைசி வரிசை வரைக்கும் தரவு ஒழுங்காக வந்தது. இப்போது பயிற்றங்கொடி பந்தலை மூடிவிட்டது. பின்பக்க நோடுகள் (சென்சார் பெட்டிகள்) அடிக்கடி காணாமல் போகின்றன. மழையில் இலை நனைந்தால் சொல்லவே வேண்டாம். பெட்டிகளும் நிலத்திலிருந்து ஒரு முழ உயரத்தில்தான் இருக்கின்றன.

அன்டெனாவை மட்டும் பந்தலுக்கு மேலே ஏற்றலாம் என்றால், மெல்லிய கேபிளிலேயே பாதி சிக்னல் போய்விடும் போலிருக்கிறது. அதனால் லோராவுக்கு (குறைந்த வேகத்தில் நெடுந்தூரம் தரவு அனுப்பும் வயர்லெஸ் முறை) மாற யோசிக்கிறேன். 433 மெகாஹேர்ட்ஸில் அலைநீளம் 69 சென்ரிமீற்றர், இப்போதையது 12.5தான், நீண்ட அலை என்பதால் இலைக்குள்ளால் அது சுலபமாகப் போகும். வேகம் குறைவுதான், ஆனால் அரை மணிக்கொரு ஈரப்பத எண்ணுக்கு அது போதாதா என்ன?

சரி, கேள்விக்கு வருகிறேன். கொடிப்பந்தலுக்குள் லோரா போட்டவர்கள் இருக்கிறீர்களா? கேட்வேயை (எல்லா சென்சார்களின் தரவையும் வாங்கும் மையப் பெட்டி) எவ்வளவு உயரத்தில் வைத்தீர்கள்? தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி இதற்கும் எடுக்க வேண்டுமா? புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் நம்பி வாங்கக்கூடிய மொடியூல் இருந்தால் அதையும் சொல்லுங்கள், சனிக்கிழமை அந்தப் பக்கம் போகிறேன்.