ஆர்.எக்ஸ். 100 எஞ்சினில் கை வைக்கலாமா?

கொக்கட்டிச்சோலை இளைஞன்:
மாமாவின் யமஹா ஆர்.எக்ஸ். 100 மோட்டார் சைக்கிள் இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. காலையில் இரண்டு பால் கான்களைக் கட்டிக்கொண்டு மண்முனைப் பாலத்தால் நகரப் பக்கம் போகிறேன், பின்னேரம் வயலுக்கு. இடைக்கிடை செங்கலடி–பதுளை வீதியால் பிபிலை தாண்டி அக்கா வீட்டுக்கும் போக வேண்டும். முன்பிருந்த இழுவை இல்லை. பால் கானோடு மூன்றாம் கியரில் முனகுகிறது. எக்ஸிலேட்டர் கைப்பிடியை விட்ட பிறகும் எஞ்சின் சத்தம் உடனே இறங்காமல் சற்று நேரம் கூவிக்கொண்டே நிற்கிறது.

கராஜ் ஒன்றில் கேட்டேன். சிலிண்டர் இருக்கும் பிளாக்கின் துவாரங்களை அரைத்துப் பெருப்பித்து, அதன் மேல்மூடியான ஹெட்டைச் சீவி, வயிறு பெருத்த சைலன்சர் பூட்டினால் பறக்கும் என்கிறார்கள். சொன்ன தொகை ஒரு மாதப் பால் காசு. செய்யலாமா? அனுபவப்பட்ட அண்ணன்மார் சொல்லுங்கள்.

ஓட்டமாவடி வாசி:
தம்பி, என்னுடைய வண்டியில் இந்த மூன்றும் செய்திருக்கிறேன். பாசிக்குடா வீதியில் காலை வேளையில் ஓட்டிப் பாருங்கள், மூன்றாம் கியரில் ஒரு கட்டம் வந்ததும் பின்னால் யாரோ தள்ளிவிட்டதுபோல் பாயும். அந்தப் பாய்ச்சலுக்காகவே வைத்திருக்கிறேன், விற்க மாட்டேன். பெற்றோல் கூடுதலாகக் குடிக்கிறது, அது எனக்குப் பெரிய விஷயமில்லை. ஆனால் நான் அதில் சுமை ஏற்றுவதில்லை.

கல்முனை லேத்காரன்:
தம்பி, ஓட்டமாவடி சகோதரர் கடைசியாகச் சொன்னதை இரண்டு தடவை வாசியுங்கள்.

உங்கள் எஞ்சின் 98 சிசி. சிலிண்டரின் விட்டம் 50 மில்லிமீற்றர், பிஸ்டனின் ஓட்டமும் 50. கம்பனி சொன்ன 11 குதிரைவலு நிமிடத்துக்கு 7,500 சுற்றில்தான் வரும். முறுக்குவிசையின் உச்சம் 6,500 சுற்றில். பால் கானோடு கிரவல் வீதியில் நீங்கள் அந்தச் சுற்றுகளுக்குப் போவதே இல்லை. நீங்கள் வாழ்வது அதற்குக் கீழே.

புகைத் துவாரத்தின் மேல் விளிம்பை அரைத்து உயர்த்தினால் என்ன நடக்கும்? எரிந்த வாயு முன்னதாகவே வெளியே பாயும், அதனால் பிஸ்டனைக் கீழே தள்ளும் நேரம் குறையும். பிஸ்டன் மேலே ஏறும்போது அதே துவாரம் தாமதமாக மூடுவதால் உள்ளே அடைபடும் காற்று-பெற்றோல் கலவையும் குறையும். உயர்ந்த சுற்றில் இந்த இழப்பை ஈடுகட்டுவதுதான் வயிறு பெருத்த சைலன்சர். அதிலிருந்து திரும்பி வரும் அழுத்த அலை, தப்பியோடும் புதுக் கலவையைச் சிலிண்டருக்குள் தள்ளிவிடும். அந்த அலை சரியான நேரத்துக்கு வந்து சேர்வது குறுகிய ஒரு சுற்று எல்லைக்குள் மட்டும். அதற்கு வெளியே பலனில்லை, சில இடங்களில் இருந்ததும் போகும். சகோதரர் சொன்ன பாய்ச்சல் அதுதான், பொய்யில்லை. உங்கள் இழுவையைக் கீழிருந்து எடுத்து மேலே கொண்டுபோய் வைக்கிறார்கள், அதற்கு உங்களிடமே காசும் வாங்குகிறார்கள். எனக்கு இதில்தான் கோபம் வருகிறது.

இனி, நீங்கள் போகிறபோக்கில் எழுதிய விஷயம். கைப்பிடியை விட்டும் சத்தம் இறங்கவில்லை என்றீர்களே, கேபிளும், காற்றையும் பெற்றோலையும் கலக்கும் காபரேட்டருக்குள் ஏறி இறங்கும் சிலைடும் சிக்காமல் இறங்குகின்றனவா என்று முதலில் பாருங்கள். அவை சரியென்றால், எங்கோ காற்று இழுக்கிறது. இந்த வண்டிகள் இந்தியாவில் 1985 முதல் 1996 வரை செய்யப்பட்டவை, ரப்பருக்கு வயதாகிவிட்டது. எஞ்சினின் இடப் பக்கத்தில் மின்சாரம் தரும் மேக்னட்டின் மூடியைக் கழற்றுங்கள். உள்ளே எண்ணெய் ஈரம் படிந்திருந்தால் கிராங்க் தண்டைச் சுற்றிக் காற்றுப் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம், அதாவது கிராங்க் சீல், போய்விட்டது. காபரேட்டரைப் பிடித்திருக்கும் ரப்பரிலும் வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். ஸ்பார்க் பிளக்கின் நுனி வெள்ளையாக இருந்தால் கலவையில் பெற்றோல் போதவில்லை. அந்த நிலையில் ஹெட்டையும் சீவி, நாம் அடிக்கும் 92 பெற்றோலில் பிபிலை ஏற்றம் ஏறினால் பிஸ்டனில் ஓட்டையே விழலாம்.

வலப் பக்கத்துக் கிராங்க் சீலையும் சேர்த்து மாற்றுங்கள். அது போனால் கியர் எண்ணெயை எஞ்சின் உறிஞ்சி வெண்புகை கக்கும். பிறகு சைலன்சரின் உள்குழாயை உருவி, கரியைச் சுரண்டுங்கள். புகைத் துவாரத்திலும் கரி தடித்திருக்கும், பிஸ்டனைக் கீழே இறக்கிவைத்து மரக்குச்சியால் எடுங்கள், இரும்பு வேண்டாம். கலவை எஞ்சினுக்குள் போகும் வழியில் திறந்து மூடும் ரீட் இதழ்களை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், இடுக்கில் ஒளி தெரிந்தால் மாற்றுங்கள்.

‘போர்’ அடித்தால், அதாவது சிலிண்டரைக் கடைந்து விட்டத்தைக் கூட்டினால், சிசி கூடும் என்று யாராவது சொன்னால், முழுதாக 1 மில்லிமீற்றர் கூட்டினாலும் வருவது 102 சிசிதான். தேய்மானத்துக்காக அடியுங்கள், வலுவுக்காக வேண்டாம். அரைத்த பிளாக்கைப் பழையபடி ஆக்கவே முடியாது, நல்ல கம்பனி பிளாக் இப்போது தேடினாலும் கிடைப்பது அரிது.

திருக்கோவில் ஆசிரியை:
தம்பி, வாகன வரிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும் என்பதையும் கணக்கில் எடுங்கள். என் தந்தையின் பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டியில் எஞ்சினுக்கு எண்ணெய் ஊட்டும் ஒயில் பம்பின் கேபிளைச் சரியான அளவுக்கு வைத்த பிறகே புகை அடங்கியது.

கொக்கட்டிச்சோலை இளைஞன்:
லேத்கார அண்ணன், கேபிளும் சிலைடும் சரி. மேக்னட் மூடியைத் திறந்தேன். அடியில் கறுப்பாக ஈரம், விரலில் ஒட்டுகிறது. பிளக்கும் வெளிறித்தான் இருக்கிறது. கராஜ் வேலையை நிறுத்திவிட்டேன். இரண்டு சீலும் மாற்றிய பிறகும் ஏற்றத்தில் இழுவை போதாவிட்டால் என்ன செய்ய?

கல்முனை லேத்காரன்:
சங்கிலி ஓடும் முன் பல்சக்கரத்தில் ஒரு பல் குறையுங்கள் தம்பி. 14 இருந்தால் 13. சில்லில் இழுவை ஏறத்தாழ 8 சதவீதம் கூடும், உச்ச வேகம் சற்றுக் குறையும். பிடிக்காவிட்டால் ஒரு மணி நேரத்தில் பழையதைப் பூட்டிவிடலாம். சீல் மாற்றியதும் முதலில் சுமையில்லாமல் பாலம் வரை ஓட்டிவிட்டு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கோப்பி நிறம் வந்திருந்தால் காபரேட்டரில் பெற்றோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டைத் தொடவே வேண்டாம். இன்னும் வெள்ளையென்றால் பால் கானை ஏற்றாமல் இங்கே எழுதுங்கள்.