பின்னேரக் கழகம்: பெரிய பெடியள் மதகை விட்டு எழும்புகிறார்கள் இல்லை, என்ன செய்யலாம்?

வாய்க்கால்கரை எழுதியது:

விசுவமடுச் சந்தியில் இருந்து உள்ளே மூன்று கிலோமீற்றர் வந்தால் எங்கள் ஊர். பல்கலைக்கழகம் முடித்துவிட்டு நியமனத்துக்குக் காத்திருக்கிறேன். சும்மா இருந்து அம்மாவிடம் பேச்சு வாங்குவதை விட ஏதாவது செய்வோம் என்று நானும் ஒரு சிநேகிதியும் பொதுநோக்கு மண்டபத்தில் பிள்ளைகளுக்குப் பின்னேரக் கழகம் ஒன்று தொடங்கினோம். திங்கள், புதன், வெள்ளி, மூன்று மணியில் இருந்து ஐந்தரை வரை. பள்ளிக்கூடம் ஒன்றரைக்கு விட்டுவிடும். தாய்மாரில் பாதிப் பேர் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறவர்கள், அவர்களுடைய பஸ் வந்து சேர ஆறு, ஆறரை ஆகும். அதுவரைக்கும் பிள்ளைகள் அம்மம்மாவோடு, இல்லாவிட்டால் போனோடு.

முதல் நாள் 31 பேர் வந்தார்கள். இப்போது பதினோராவது கிழமை. நேற்று எண்ணினேன், 14 பேர்.

என்ன பிழை என்று எனக்கு அரைகுறையாகத் தெரியும். ஐந்தாவது கிழமை நாலைந்து தாய்மார் வந்து, "விளையாட வீட்டு முற்றம் இருக்குத்தானே பிள்ளை, நீங்கள் படிச்ச ஆள், இங்கிலீசும் கணக்கும் சொல்லிக் குடுங்கோவன்" என்றார்கள். மறுக்க முடியவில்லை. முதல் ஒரு மணி நேரம் பாடம் என்று ஆக்கினேன். அந்தக் கிழமையே ஒவ்வொருவராகக் கழலத் தொடங்கினார்கள். காலையில் ஒரு பள்ளிக்கூடம், பின்னேரம் இன்னொன்று என்றால் நானே போயிருக்க மாட்டேன்.

மற்றது பெரிய பெடியள். 14, 15 வயதில் ஆறு பேர் மண்டபத்துக்கு எதிரே உள்ள மதகில் தினமும் இருக்கிறார்கள். கூப்பிட்டால் சிரிக்கிறார்கள். ஒரு நாள் அதில் ஒருவன் தானாகவே உள்ளே வந்து கரம் போட்டுக்கு முன்னால் குந்தினான். ஸ்ரைக்கரை எடுத்து இரண்டு தரம் சுண்டினான். சின்னப் பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு கையை இழுத்துவிட்டார்கள். என் சிநேகிதி, "பெரியாக்கள் விளையாடினா சின்னாக்களுக்கு இடமில்லைத் தம்பி" என்று சொல்லிவிட்டாள். அவன் கோபப்படவில்லை. ஸ்ரைக்கரைப் போட்டின் மூலையில் மெதுவாக வைத்துவிட்டு, வாசலில் கழற்றிய செருப்பைக் கையிலேயே தூக்கிக்கொண்டு போனான். ஒரு மாதம் ஆகிறது. இன்னும் அது என் கண்ணுக்குள் நிற்கிறது.

அவர்களை உள்ளே கொண்டுவர வழி இருக்கிறதா? இல்லை, கழகம் சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று விட்டுவிடுவதா? இப்படி ஒன்றை நடத்திய ஆட்கள் இருந்தால் சொல்லுங்கள்.

கச்சான் கொட்டை எழுதியது:

போனில் கேம் போட்டி வையுங்கோ. மதகு முழுக்க உள்ளே வரும்.

ஓட்டோ அண்ணை எழுதியது:

கச்சான் தம்பி சொல்வது போல அவர்கள் வருவார்கள்தான். டேற்றா முடிந்த கையோடு எழும்பியும் போவார்கள்.

தங்கச்சி, நான் துணுக்காய்ப் பக்கம், ஓட்டோ ஓடுகிறேன். 2013 இல் இருந்து எங்கள் சனசமூக நிலையத்தில் பின்னேரங்களில் பிள்ளைகளோடு நிற்கிறேன். ஓ.எல். பரீட்சை இரண்டு தரம் எழுதியும் கணிதம் வராத ஆள். அதனால் இவன் பிடித்து வைத்துப் படிப்பித்துவிடுவான் என்ற பயம் பிள்ளைகளுக்கு ஒரு நாளும் இருந்ததில்லை.

முதலில் அந்த ஸ்ரைக்கர் விசயம். சிநேகிதியை ஒன்றும் சொல்லாதீர்கள், நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். ஆனால் அவனுக்குக் கரம் ஒரு சாட்டு. பதினைந்து வயதுப் பெடியன் பத்து வயதுப் பிள்ளைகளோடு கரம் விளையாடவா வருவான்? உள்ளே தனக்கு ஏதும் வேலை இருக்கிறதா என்று பார்க்க வந்திருப்பான். இல்லை என்று தெரிந்ததும் போய்விட்டான்.

எனக்கு இது தற்செயலாகத்தான் பிடிபட்டது. எங்கள் ஊரில் மதகுக்குப் பதிலாக ஒரு பாலை மரம், அதன் கீழே நாலு பேர். ஒரு மாரியில் நிலையத்துப் பூட்டு கறள் பிடித்து இறுகிவிட்டது. நான் திறப்பைப் போட்டு முறுக்குகிறேன், அது அசையவில்லை. சின்னப் பிள்ளைகள் மழையில் நிற்கிறார்கள். மரத்தடியில் இருந்த ஒருவன் வந்து, "தள்ளுங்கோ அண்ணை" என்று திறப்பை வாங்கினான். அவனுடைய தகப்பன் சைக்கிள் கடை வைத்திருந்தவர். ஓடிப்போய் ஒரு சொட்டு எண்ணெய் கொண்டுவந்து விட்டு, பூட்டைக் கல்லில் இரண்டு தட்டுத் தட்டித் திறந்தான். எனக்கு என்ன தோன்றியதோ, "திறப்பு உன்னட்டையே இருக்கட்டும், நாளைக்கு மூன்றுக்குத் திற" என்று சொல்லிவிட்டேன். அடுத்த நாள் ரெண்டரைக்கு வந்து கதவைத் திறந்து கூட்டியும் வைத்திருந்தான். மற்ற மூன்று பேரும் வாசலில்.

நிலையத் தலைவர் என்னோடு சண்டை. "கதிரை களவு போனால் ஆர் பொறுப்பு?" என்றார். 42 பிளாஸ்ரிக் கதிரைக்கும் நான் கையெழுத்து வைத்தேன். இன்றைக்கு வரைக்கும் ஒன்றும் களவு போகவில்லை. ஒன்று உடைந்தது, அது நான் இருந்து உடைந்தது.

கரம் போட்டை ஒரு பக்கம் வையுங்கோ. அதில் நாலு பேருக்குத்தான் இடம், மற்றவர்கள் சுற்றி நின்று சண்டை பிடிக்க வேண்டியதுதான். கிளித்தட்டு தொடங்குங்கோ, நிலத்தில் கோடு போட்டு ஒரு பக்கம் மறிக்க மற்றப் பக்கம் ஓடுகிற ஆட்டம்தானே. காசு செலவில்லை, பெரியவனும் சின்னவனும் சேர்ந்து விளையாடலாம். நெடுவல்கள் தட்டு மறிக்கட்டும், சின்னனுகள் கைக்குக் கீழால் புகுந்து ஓடுவார்கள். கோடு போடுவதைப் பெரியவர்களிடம் குடுத்துவிடுங்கோ. எங்கள் பெடியன் ஒருவன் அடுப்புச் சாம்பலைச் சொப்பிங் பையில் கட்டிக்கொண்டு வருவான். பையின் மூலையைப் பல்லால் கடித்து ஓட்டை ஆக்கி, பின்பக்கமாக நடந்துகொண்டே கொட்டுவான். கோடு வளைந்தால் காலால் அழித்துவிட்டுத் திரும்ப முதலில் இருந்து. நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும், அவசரப்படுத்தினால் கோபம் வரும். பள்ளிக்கூடத்தில் கேத்திரகணிதம் என்றால் ஓடுகிற பெடியன்.

அடுத்தது கொஞ்சம் உறைப்பாகச் சொல்லப்போகிறேன், கோபிக்காதீர்கள். எங்கள் பிள்ளைகள் பனர் கட்டுவதையும் அவிழ்ப்பதையும் பார்த்து வளர்ந்தவர்கள். 2010 இல் முகாமில் இருந்து திரும்பி வந்து குடியேறிய காலத்தில் எத்தனை திட்டம் வந்தது! ரீசேட் குடுப்பார்கள், படம் எடுப்பார்கள், காசு முடிந்ததும் வாகனம் போய்விடும். எங்கள் நிலையத்துக்கும் அப்படி ஒன்று வந்தது, பெயர் வேண்டாம். அவர்கள் குடுத்த ரீசேட் கடைசியில் எங்கள் வீட்டில் நிலம் துடைக்கத்தான் உதவியது. உங்கள் மதகுப் பெடியளுக்கு அந்த நாட்கள் நினைவில் இருக்காது, ஆனால் வீட்டில் கதை கேட்டிருப்பார்கள். இந்த அக்காவுக்கு நியமனம் வந்தால் இதுவும் முடிந்தது என்று அவர்களுக்குத் தெரியும்.

அதனால் மூன்று நாளை இரண்டாக்குங்கோ. அந்த இரண்டு நாளும் தலைகீழாக நின்றாவது போங்கோ. ஒரு ஐப்பசியில் அடைமழை, நாலே நாலு பேர்தான் வந்தார்கள். கூரை ஒழுகுகிற இடத்தை விட்டுத் தள்ளி இருந்து ரம்மி விளையாடினோம். தாய்மார் பேசினார்கள், அது வேறு கதை. மழை விட்ட பிறகு வந்தவர்கள் முதல் கேட்டது, "அண்டைக்கும் வந்தனீங்களோ?" என்றுதான்.

தை, மாசியில் ஆள் குறைந்தால் யோசிக்காதீர்கள், அது காலபோக நெல் அறுவடை. பங்குனியில் வருவார்கள்.

ஆறேகால் பஸ் எழுதியது:

அண்ணை, ரம்மி விசயத்தில் தாய்மார் பேசினது சரி.

பிள்ளை, நீர் சொல்லும் அந்தத் தாய்மாரில் நானும் ஒருத்தி மாதிரித்தான், வேறு ஊர் என்றாலும். விடியப்புறம் நாலரைக்கு எழும்பிச் சமைத்து வைத்துவிட்டுத் தொழிற்சாலைப் பஸ் பிடிக்கிறேன். நாங்கள் ஏன் பாடம் பாடம் என்று நிற்கிறோம் தெரியுமா? என் மகள் கழகத்துக்குப் போய் விளையாடினாள் என்றால் மாமி ஒரு பாட்டம், இவர் ஒரு பாட்டம், "உதுக்கு ஏன் அவ்வளவு தூரம்?" என்று. அவளுடைய கொப்பியில் ஒரு பக்கம் எழுத்து இருந்தால் எனக்கு வாய் திறக்க இடம் வரும். அவ்வளவுதான். ஒரு மணி நேரம் படிப்பிக்க வேண்டாம். பள்ளிக்கூடத்து வீட்டுவேலையை அங்கேயே இருபது நிமிசம் செய்யட்டும், நீர் கீழே ஒரு சரி போட்டு விடும்.

இன்னொன்று. பெரிய பெடியளை உள்ளே எடுத்தால் பதின்மூன்று தாண்டிய பெட்டைப் பிள்ளைகளை விடமாட்டார்கள். நானும் யோசிப்பேன், மறைக்கவில்லை. அங்கே வயசான ஒரு பெண் இருந்தால் விடுவேன். ஊரில் ஓர் அம்மம்மாவைப் பிடித்து, ஒரு கதிரையும் பிளேன்ரீயும் குடுத்து இருத்தும். அவ ஒன்றும் செய்யத் தேவையில்லை.

ஐந்தரை என்றால் ஐந்தரைக்கு விடும். மார்கழியில் ஆறு மணிக்கே இருண்டுவிடும், எங்கள் பக்கம் யானையும் இறங்கும். அந்தக் காலத்தில் ஐந்துக்கே விட்டாலும் நல்லது.

கோப்பு எழுதியது:

பிரதேச செயலகம் ஒன்றில் வேலை, எது என்று வேண்டாம். சுருக்கமாகச் சொல்கிறேன்.

உங்கள் பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருப்பார். அவரைப் போய்ப் பார்த்து, கிராம அலுவலருக்கும் சொல்லி, இதைச் சிறுவர் கழகமாகப் பதிந்துவிடுங்கள். நியமனம் வந்து நீங்கள் போனாலும் கழகம் உங்களோடு போகாது. மதகில் இருப்பவர்கள் தேசிய இளைஞர் சேவைகள் மன்றத்தின் இளைஞர் கழகத்திலும் சேரலாம், அது 13 வயதில் தொடங்குகிறது. அவர்களில் யாராவது பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மணல் ஏற்றப் போகிறார்களா என்றும் பாருங்கள். 2016 இல் இருந்து 16 வயது வரை கட்டாயக் கல்வி. மிரட்டுவதற்குச் சொல்லவில்லை, திரும்பச் சேர்க்க வழி இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

எப்போதும் பெரியவர்கள் இரண்டு பேர் நில்லுங்கள், கதவு திறந்தே இருக்கட்டும். ஒரு பிள்ளையைத் தனியே மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போக வேண்டாம். படம் எடுத்து முகநூலில் போட வேண்டாம். வீட்டில் நடக்கிற ஏதாவது ஒன்றைப் பிள்ளை உங்களிடம் சொன்னால், "ஒருத்தருக்கும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். உத்தியோகத்தருக்கோ சிறுவர் உதவி இலக்கம் 1929 க்கோ சொல்ல வேண்டி வரலாம்.

கிளித்தட்டுக்கு நிலம் செதுக்கும்போது பழைய இரும்பு ஏதும் தட்டுப்பட்டால் எடுத்துப் பார்க்க வேண்டாம், போர்க்கால வெடிபொருளாக இருக்கலாம். பிள்ளைகளைத் தள்ளி நிறுத்திவிட்டுப் பொலிசுக்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள். இவ்வளவு காலம் கழிந்தும் நம் பக்கத்தில் இதைச் சொல்ல வேண்டித்தான் இருக்கிறது.

வாய்க்கால்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஆறேகால் பஸ் அக்கா, கொப்பி விசயம் எனக்குக் கனவிலும் தோன்றியிருக்காது. மூலை வீட்டு அம்மம்மாவிடம் கேட்டேன். பிளேன்ரீ வேண்டாமாம், வெற்றிலை வேண்டுமாம்.

நேற்றுத் திங்கட்கிழமை. மதகடிக்குப் போனேன். உள்ளே வாங்கோ என்று கூப்பிடவில்லை. அந்தப் பெடியனைப் பார்த்து, "கிளித்தட்டுக்குக் கோடு போட வேணும், சாம்பல் எடுக்கலாமோ?" என்று மட்டும் கேட்டேன். மற்றவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. "எந்தச் சாம்பல் அக்கா, விறகோ உமியோ?" என்றான். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. உமிச் சாம்பல் காற்றுக்குப் பறந்துவிடுமாம், விறகுச் சாம்பலில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் போட்டால் ஐந்து மணி வரைக்கும் நிற்குமாம்.

மண்டபத்துக்குள் அவன் வரவில்லை. வெளி நிலத்தில் கோட்டைப் போட்டுவிட்டு, தட்டு மறிக்க ஆள் காணாது என்று மதகில் இருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டான். 19 பேர் விளையாடினோம், என்னையும் சேர்த்து. என் பாவாடைக் கரை முழுக்கச் சாம்பல், அம்மாவிடம் பேச்சு மிச்சம்.

போகும்போது, "புதன்கிழமையும் வருவீங்களோ?" என்று கேட்டான். இனித் திங்களும் புதனும் மட்டும், மூன்று மணிக்கு என்றேன். தான் ரெண்டரைக்கு நிற்பதாகச் சொன்னான். மண்டபத் திறப்பு இன்னும் சங்கத் தலைவரிடம்தான் இருக்கிறது. இன்றைக்குப் பின்னேரம் அவரிடம் போய்க் கதைக்க வேண்டும். ஓட்டோ அண்ணை, எங்கள் மண்டபத்தில் கதிரை 60.